சுவரின் தடிமனுக்கான துணைக்குழு

கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் ஏசியின் உள்பெட்டி மாட்டப்பட்டுவிட்டது. பால்கனிக்கு வெளியே இரும்புத் தாங்கியின் மேல் வெளிப்பெட்டியும் உட்கார்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறையான அனுமதி இருந்தது. சுவருக்குள் இல்லை.

இதை அவருக்கு விளக்கியவர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கடைசி பெஞ்சுக்கும் கேட்கவேண்டும் என்ற பழைய பழக்கத்தில் எதையும் இரண்டு முறை சொல்வார்.

"உள்ள இருக்கறது உங்க வீடு. உட்புறக் குழு அனுமதி குடுத்தாச்சு. வெளிய இருக்கறது பொதுச் சுவர். வெளிப்புறக் குழு அனுமதி குடுத்தாச்சு. ஆனா நீங்க சொல்ற காப்பர் பைப்பு சுவருக்கு நடுவுல போகுது. நடுவுல எங்களுக்குக் குழுவே இல்லையே சார். குழுவே இல்லையே."

"ஒரு சாண்கூட இருக்காதே சார்."

"குழு இல்லாத இடம் ஒரு சாண் இருந்தா என்ன, ஒரு மைல் இருந்தா என்ன? ஒரு மைல் இருந்தா என்ன?"

கண்ணாடிக் கடைக்காரர் தலையாட்டிவிட்டு வந்தார். ஆள் நடமாட்டமே இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனிதர் அவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் சம்பள ஆளாக, வருகிறவர்களின் மூக்கில் கண்ணாடியைப் பொருத்தி "இப்ப தெரியுதா?" என்று கேட்பதுதான் தொழில். யார் எதைச் சொன்னாலும் தனக்குத்தான் சரியாகத் தெரியவில்லையோ என்று முதலில் சந்தேகப்படுவது தொழில் தந்த சுபாவம்.

ஏசி அவருக்காக வாங்கியதல்ல. அவர் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நிரந்தர இரவுப் பணி. அவள் வீட்டுக்குள் வரும்போது இவர் கடைக்குக் கிளம்புவார். கதவு திறந்திருக்கும் நேரம்தான் குடும்ப வாழ்க்கை. அவள் தூங்க வேண்டியது பகலில். படுக்கையறை இருப்பதோ மேற்கே பார்த்து. மதியம் தாண்டினால் அந்தச் சுவரைத் தொடுவது காய்ச்சல்காரர் நெற்றியைத் தொடுவது போலிருக்கும்.

"நேத்து ஒருத்தருக்கு ஊசி மருந்தை எடுத்துட்டுப் போய் நின்னேன்," என்றாள் அவள், செருப்பைக் கழற்றாமலே. "எந்தக் கட்டில்னு மறந்துபோச்சு. திரும்ப வந்து சார்ட்டைப் பார்த்துட்டுப் போனேன். போனா மறுபடியும் மறந்துபோச்சு. என்னிக்காவது ஒரு நாள் பார்க்காமயே போட்டுடுவேன். அதாங்க பயமா இருக்கு."

"பைப்பு மட்டும்தான் பாக்கி. மத்ததெல்லாம் மாட்டியாச்சே."

"மாட்டி வெச்சு? சாமி மாதிரி உச்சியில உக்காந்து பார்த்துட்டிருக்கு. வேர்வை எனக்குத்தான் ஊத்துது. நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேங்க. அங்க ஏசி இருக்கு. அங்கயே தூங்கி எழுந்து அங்கயிருந்தே டூட்டிக்குப் போயிக்கறேன்."

"அக்கா வீடு ஆஸ்பத்திரிக்கு ரொம்ப தூரமாச்சே."

"எனக்குத் தூக்கம் அதைவிட தூரத்துல இருக்கு."

கண்ணாடிக் கடைக்காரர் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மீண்டும் சங்கத்துக்குப் போனார்.

சங்கம் சும்மா இருக்கவில்லை. உட்புறக் குழுவும் வெளிப்புறக் குழுவும் மொட்டைமாடியில் கூட்டாகக் கூடின. தலைவர் பேசினார். துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் கப்பல்கள் கரைக்கு வெளியே வரிசையாகக் காத்து நின்ற அழகை இன்றும் சொல்வார்கள்.

"நண்பர்களே, இது ஒரு குழாயைப் பத்தின கேள்வி இல்ல. இன்னிக்கு ஒருத்தர் சுவருக்குள்ள பைப்பை விடுவார். நாளைக்கு இன்னொருத்தர் கையை விடுவார். அவசரப்பட்டா முடியுமா? என் சர்வீஸ்ல காத்திருக்காத கப்பல் ஒண்ணைக்கூட நான் கரைக்கு விட்டதில்ல. சில கப்பல்ல வாழைக்காயா வந்தது பழமா இறங்கியிருக்கு. யாருக்கு லாபம்? சாப்பிடறவங்களுக்கு."

பலத்த கைதட்டல். சுவரின் தடிமனுக்கான துணைக்குழு அங்கேயே அமைக்கப்பட்டது. தலைவர், செயலாளர், வெளிப்புறக் குழுவின் பொறுப்பாளரான கீழ்வீட்டு அம்மாள் ஆகியோர் உறுப்பினர்கள். அந்த அம்மாளுக்குக் கட்டடத்தின் முகத்தோற்றத்தில் அளவற்ற அக்கறை. மழை பெய்து சுவரில் கறை இறங்கினால் மேகத்தின் மேல் வருத்தப்படுவார்.

துணைக்குழு முதல் சாட்சியாக ஏசி மெக்கானிக்கை அழைத்தது. அவர் தோள்பையோடு வந்து, சாட்சிக்குப் போட்ட நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பேசுவதென்றால் அவருக்குப் பிரியம். தன் தொழிலை விளக்கச் சொல்லி அவரை இதுவரை யாரும் நாற்காலி போட்டு உட்கார வைத்ததில்லை.

"உள்பெட்டியும் வெளிப்பெட்டியும் சம்பந்திங்க மாதிரி சார். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம இருக்கறதுதான் நல்லது. ஆனா பேச்சுவார்த்தை இருந்துட்டே இருக்கணும். அந்தப் பேச்சுவார்த்தைதான் இந்தப் பைப்பு." பையிலிருந்து இரண்டு செப்புக் குழாய்த் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று ஒல்லி, ஒன்று தடி.

தலைவர் நிமிர்ந்தார். "மனுவுல ‘குழாய்’னுதான் இருக்கு. இது ரெண்டா இருக்கே."

"ரெண்டு வேணும் சார். கேஸ் ஒண்ணுல உள்ள போகும், இன்னொண்ணுல திரும்பி வரும்."

"போனது எதுக்குத் திரும்பி வரணும்?"

"வந்தாத்தான் சார் மறுபடி போக முடியும். சுத்திச் சுத்தி வரும்."

செயலாளர் உண்மையான வியப்போடு சொன்னார்: "நம்ம சங்கத்துக்குள்ள போனது எதுவும் திரும்பி வந்ததா எனக்கு ஞாபகம் இல்லையே சார். ஞாபகமே இல்லையே."

இரண்டாவது குழாய்க்குத் தனி மனு வாங்கப்பட்டது.

அடுத்து முகத்தோற்றம். படுக்கையறையிலிருந்து பால்கனி மூலைவரை குழாய் வெளிச்சுவரில் கொஞ்ச தூரம் ஓடியாக வேண்டும். அது கண்ணுக்கு எப்படியிருக்கும் என்று குடியிருப்போர் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டாமா என்று கேட்டார் கீழ்வீட்டு அம்மாள். ஆகவே குழாய் போகவிருக்கும் பாதையில் மாதிரிக்கு ஒரு கயிறு கட்டப்பட்டது. ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று லிஃப்ட் பக்கத்தில் எழுதிப் போட்டார்கள்.

முதல் நாள் யாரும் கயிற்றைக் கவனிக்கவில்லை. மறுநாள் அதில் ஒரு துண்டு காய்ந்தது. அதற்கு மறுநாள் பக்கத்து வீட்டுப் போர்வை. வாரம் முடிவதற்குள் நல்ல காற்று வரும் கயிறு என்று பெயர் பரவி, பக்கத்து ஜன்னல்காரர்களெல்லாம் கொம்பு வைத்து எட்டி எட்டித் துணி போட்டார்கள். கண்ணாடிக் கடைக்காரரின் படுக்கையறைக்கு வெளியே முன்பின் தெரியாதவர்களின் பாவாடைகள் படபடத்தன. கொஞ்சம் நிழலும் கிடைத்தது என்பதை மறைக்கக் கூடாது.

கீழ்வீட்டு அம்மாள் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். "என்ன சார் இது? பைப்பு வரும்னு சொன்னீங்க. சலவைக்கடை வந்திருக்கு."

"கயிறு நீங்க கட்டினதும்மா."

"கயிறு நாங்க கட்டினது. பாதை உங்களோடது. உங்க பைப்புல யாரும் துணி காயப்போட மாட்டாங்கன்னு நீங்க உறுதி குடுக்கணும்."

அவர் உறுதி கொடுத்தார். தன் வீட்டார் சார்பாகவும், தெருவில் போகிற வருகிறவர்கள் சார்பாகவும்.

அதன்பின் துணைக்குழு புதிய விதிகளை எழுதி அனுமதியும் கொடுக்க, காரியங்கள் வேகமாக நடந்தன. சுவரில் துளை போடப்பட்டது. மெக்கானிக் செப்புக் குழாய்களைக் கறுப்பு நுரைப்பட்டை சுற்றி, துளை வழியாக நுழைத்து, வளைவில் நசுங்காமல் கட்டைவிரலால் தடவித் தடவி வளைத்து, வெளிப்பெட்டி வரைக்கும் கொண்டுபோனார். உள்பெட்டியோடு சேர்த்து முறுக்கினார். வெளிப்பக்கத்து முனைகளின் வாயைப் பூப்போல் விரித்து நட்டை மாட்டினார். இரண்டு ஸ்பேனர் எடுத்து, ஒன்றால் பிடித்து ஒன்றால் முறுக்கப் போன நேரத்தில் செயலாளர் வந்து நின்றார்.

"முறுக்கக் கூடாது. இன்னும் திறப்பு விழா ஆகல. முறுக்கக் கூடாது."

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. முன்பு லிஃப்ட் பழுதுபார்க்கப்பட்டபோது, தலைவர் நாடாவை வெட்டுவதற்குள் இரண்டாம் மாடிக் குழந்தை ஒன்று பந்தோடு ஏறி மேலே போய்விட்டது. அன்றிலிருந்து தலைவர் மாடிப்படியில்தான் ஏறி இறங்குகிறார். திறந்துவைக்கப்படாத எந்தப் பணியும் முடிக்கப்படக் கூடாது என்று சங்கம் அப்போதே தீர்மானம் போட்டது. புதிய விதிகளின்கீழ் வரும் முதல் குழாய் என்பதால் இதைத் தலைவரே திறந்துவைப்பார். இயந்திரத்தில் திறக்கக்கூடியதாக என்ன இருக்கிறது என்று விசாரித்ததில், வெளிப்பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வால்வு இருப்பதாகத் தெரிய வந்தது.

"சார், சார்," என்று மெக்கானிக் பதறினார். "கேஸ் முழுக்க அந்தப் பெட்டிக்குள்ள அடைச்சு வந்திருக்கு. பைப்பை மாட்டி, பைப்புக்குள்ள இருக்கற காத்தை பம்ப் வெச்சு உறிஞ்சி எடுத்துட்டு, அப்புறந்தான் வால்வைத் திறக்கணும். மாட்டாம திறந்தா அத்தனையும் போயிடும்."

"எங்க போகும்?"

"வெளியதான்."

"வெளியன்னா வெளிப்புறக் குழுவோட பொறுப்பு. அவங்க பார்த்துப்பாங்க. விழாவுல நீங்க தலைவர் பக்கத்துல நிக்கணும். சாவியைத் தட்டுல வெச்சு நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். போட்டோ எடுக்கறாங்க."

மெக்கானிக் கொஞ்ச நேரம் ஸ்பேனரைப் பார்த்தார். "பக்கத்துலன்னா, எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார்.

விழா நாள் காலையில் அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். வீட்டுக்குள் கூட்டம் நெரிந்தது. உட்கார இடமில்லாத பெரியவர்கள் படுக்கையறைக் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இரவுப் பணி முடிந்து வந்த மனைவி தன் கட்டிலைப் பார்த்தாள். பிறகு போய் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றாள். நின்றவாறே அவள் கண்கள் மூடின.

பால்கனியில் தலைவர் சுருக்கமாக, கப்பல்களில் ஆரம்பித்துப் பேசி முடித்தார். மெக்கானிக் கடைசித் தொழில் தர்மமாக எல்லோரையும் நாலடி தள்ளி நிற்கச் சொல்லி, தலைவரின் கையில் தடித்த கையுறையை மாட்டிவிட்டு, வால்வுச் சாவியைத் தட்டில் நீட்டினார். தலைவர் திருகினார்.

முதலில் ஒரு சீறல். பிறகு வெள்ளைப் புகை நாடகக் கொட்டகையில் வருவதுபோல் பொங்கியது. சில்லென்ற காற்று கூட்டத்தின் முகத்தில் வந்து மோதியது. வெயிலில் நின்றவர்கள் ஒரே குரலாக "ஆகா!" என்றார்கள். போட்டோக்காரர் துள்ளினார். தலைவரின் மூக்குக் கண்ணாடி பனிபடர்ந்து வெளுத்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரர் அனிச்சையாக முன்னே போய், அதைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மீண்டும் மாட்டி, "இப்ப தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது, தெரியுது. என்ன குளிர்ச்சி!" என்றார் தலைவர்.

கைதட்டல் ஓய்வதற்குள் சீறல் ஓய்ந்தது.

"நின்னுடுச்சே?" என்றார் யாரோ.

"வேலை முடிஞ்சதும் தானா நிக்கறதுதான் நல்ல மெஷினுக்கு அடையாளம்," என்றார் செயலாளர், இருமுறை.

மனைவி கண்ணைத் திறந்தாள். "முடிஞ்சுதாங்க?"

"திறந்தாச்சு."

"குளிருமா?"

"குளிர்ந்தாச்சு," என்றார் அவர்.

மறுநாள் ஏசி குளிரவில்லை என்று சொல்லப் போனபோது செயலாளர் மனம் நொந்துபோனார். "என்ன சார் இப்படிப் பேசறீங்க? அத்தனை பேரும் குளிர்ச்சியை உணர்ந்ததா எழுதியே வெச்சிருக்கோம். நீங்களும் கைதட்டினீங்களே. நீங்களும் கைதட்டினீங்களே!"

தட்டியது உண்மைதான். கண்ணாடிக் கடைக்காரரால் மறுக்க முடியவில்லை. "மெக்கானிக் வந்து நட்டை முறுக்கி, புதுசா கேஸ் நிரப்பிட்டா போதும் சார். அவர் உள்ள வர கேட்ல ஒரு பாஸ் குடுங்க."

"நிரப்பிட்டு?"

"வால்வைத் திறப்பார்."

"அப்ப ரெண்டாவது திறப்பு. ஒரு வால்வை ரெண்டு தடவை திறக்க விதியில இடமில்ல. துணைக்குழு தினமும் மதியத்துலேருந்து உக்காந்து பேசும். மனுதாரரோ வீட்டார்ல ஒருத்தரோ கூடவே இருக்கணும். எழுந்து போயிட்டா மனு செத்துடும்."

கடையில் அவருக்கு லீவு தீர்ந்திருந்தது. இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அறையின் நடுவே ஒரு துணிப்பை நிற்பதைப் பார்த்தார். மனைவியின் இரண்டு சீருடைகள் அதில் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"அக்காகிட்ட சொல்லிட்டேன்," என்றாள் அவள். "நீங்க கடைக்குப் போங்க. கூட்டத்துக்கு நான் போறேன். நாலு கேள்வி, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டு அப்படியே பஸ் ஏறிடறேன்."

அன்று கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பாட்டிக்கு வாசிக்கும் கண்ணாடிக்குப் பதில் வெயில் கண்ணாடியை மாட்டி "இப்ப தெரியுதா?" என்று கேட்டார். முதலாளி அவரை முன்னதாகவே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

சங்க அலுவலகம் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. வெளியே கூச்சல் கேட்கும் என்று நினைத்து வந்தவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து அவள் போயிருப்பாள் என்று தோன்றியது. அப்போதுதான் ஜன்னலைக் கவனித்தார். முன்பு வந்தபோது முழுசாக இருந்த ஒரு கண்ணாடி உடைக்கப்பட்டு, ஓட்டை வழியாக ஒல்லியும் தடியுமாக இரண்டு குழாய்கள் வெளியே வந்து, சுற்றிலும் செய்தித்தாள் அடைக்கப்பட்டிருந்தது. கதவைத் தள்ளினார். உள்ளே அருவிக்கரை மாதிரி குளிர்ந்தது.

செயலாளர் சட்டென்று உதட்டில் விரல் வைத்தார். "உஷ்!" என்றார். ஒரே ஒரு முறை.

சுவரோரம் நாலு நாற்காலிகள் சேர்த்துப் போடப்பட்டிருந்தன. அதில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்குக் கீழே துணிப்பை. மேல் கூட்ட மேசையின் பச்சை விரிப்பு, கழுத்துவரை. கீழ்வீட்டு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து விரிப்பின் ஓரத்தை நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்று கிசுகிசுத்தார் கணவர்.

"வந்ததும் கோவமா உக்காந்தாங்க," என்று செயலாளரும் கிசுகிசுத்தார். "‘உங்கள்ல யாராவது ஒரு நாள்’னு ஆரம்பிச்சாங்க. அதோட தூங்கிட்டாங்க. கேள்வி முடிஞ்சாத்தானே பதில் சொல்ல முடியும்?"

"எப்பலேருந்து?"

"மதியத்துலேருந்து."

கண்ணாடிக் கடைக்காரர் ஜன்னலைக் கை காட்டினார். "இந்தப் பைப்புக்கு யார் அனுமதி குடுத்தாங்க சார்?"

"விதியெல்லாம் வீடுகளுக்கு. இது வீடு இல்லையே," என்றார் செயலாளர். சொன்ன பிறகு தூங்குகிறவளைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டதுபோல் தெரிந்தது.

சங்கத்துக்கு ஏசி மாட்டி முடித்த மெக்கானிக் சாட்சி நாற்காலியில் ஒரு நட்டை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் இரண்டு கைகளையும் கூப்பி மேசைமேல் குனிந்து, வாழ்நாளில் முதல்முறையாக ஒலிபெருக்கி தேவைப்படாத குரலில் பேசினார்.

"சார், எங்க விஷயம் அப்பவே முடிஞ்சுபோச்சு. ரெண்டாவது திறப்புக்கு மூணு பேருக்கும் முழுச் சம்மதம். விழாகூட வேணாம்னு நானே சொல்லிட்டேன்."

"அப்ப தீர்மானத்தை நிறைவேத்திடலாமே சார்?"

"நிறைவேத்தினா கூட்டம் முடிஞ்சுடும்." தலைவர் ஏசியைப் பார்த்தார். "கூட்டம் முடிஞ்சா இதை அணைச்சு ரூமைப் பூட்டணும். அது விதி."

சுவரிலிருந்த பெட்டி மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. அவள் ஒரு பெருமூச்சு விட்டுப் புரண்டாள். ஐவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தீர்மானத்தை மட்டும் நாளைக்கு ஒத்தி வெச்சுடலாமா?" என்றார் கீழ்வீட்டு அம்மாள், உதடு அசைவது மட்டும் தெரிகிற மாதிரி.

தலைவர் கையைத் தூக்கினார். செயலாளர் தூக்கினார். ஓட்டுரிமை இல்லாத மெக்கானிக்கும் தூக்கினார். கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

வெளிச்சம் சாய்ந்து, பணிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு உடம்பே எழுப்பிவிட, அவள் கண் விழித்தாள். எங்கிருக்கிறோம் என்று ஒரு கணம் பார்த்தாள். பச்சை விரிப்பை விலக்கி எழுந்து உட்கார்ந்து, தலைமுடியைச் சுருட்டிக் கட்டினாள். நன்றாகத் தூங்கினவர்களின் முகம் அவளுக்கு வந்திருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் அதைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றார் தலைவர், பயந்துகொண்டே. "நாளைக்கும் இருக்கு."

அவள் துணிப்பையைத் தட்டி நிமிர்த்திக் கணவரின் கையில் கொடுத்தாள்.

"இதை மேல கொண்டுபோய் வெச்சுடுங்க. நாளைக்கு ஒரு தலகாணி எடுத்துட்டு வரேன்."